வயிறு நிறைய சாப்பிட்டுட்டு செத்த குஞ்சுகள்

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. மீன் குஞ்சு, அது திங்கிற தீனி, அதோட குடல்ல குடியிருக்கிற பாக்டீரியான்னு போகும். 'இதெல்லாம் யாருக்குய்யா வேணும்'னு நினைக்கிறவங்க இப்பவே நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-) ஆனா இதுக்குள்ள நான் ஒருத்தருக்குப் பண்ணின தப்பு ஒண்ணும் இருக்கு. அதைச் சொல்லணும்னா குடலையும் பாக்டீரியாவையும் சொல்லித்தான் ஆகணும்.

2006-ல கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன தனியார் ஹேச்சரியில வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். கொடுவா குஞ்சு வளர்த்து பண்ணைக்காரங்களுக்கு விக்கிறது தொழில். கொடுவா கடல்லயும் வாழும், கழியிலயும் வாழும், நல்ல தண்ணியிலயும் வாழும். பாதி ஆயுசு ஆணா இருந்துட்டு அப்புறம் பெண்ணா மாறிடும். ருசியைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். 1997-ல சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கொடுவாவைத் தொட்டியில வெச்சே முட்டை போட வெச்சுக் குஞ்சு எடுத்துக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி கொடுவா வளர்க்கணும்னா முகத்துவாரத்துல தானா வர்ற குஞ்சைப் பிடிச்சுட்டு வந்தாத்தான் உண்டு.

கோழிக்குஞ்சு மாதிரி நினைச்சுக்காதீங்க. கோழிக்குஞ்சு பொரிச்ச அன்னைக்கே தானா கொத்தித் திங்கும். கொடுவா முட்டை 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரே நாளுக்குள்ள பொரிஞ்சுடும். வெளியில வர்ற குஞ்சு சுமார் 1.5 மில்லிமீட்டர். வாய் திறந்திருக்காது, கண்ணுல கருப்பு ஏறியிருக்காது. வயித்துல ஒட்டியிருக்கிற மஞ்சள் கருவைக் கரைச்சுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா தொங்கிட்டிருக்கும். மூணாம் நாள் வாக்குல வாய் திறந்து பசிக்கும். அந்த வாய்க்குள்ள நுழையற மாதிரி, உயிரோட அசையற தீனி வேணும். அசையாத பொடியைப் போட்டா பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதுக்குத்தான் ரோட்டிஃபர். மில்லிமீட்டர்ல கால்பங்கு, அதுக்கும் கம்மியா இருக்கிற ஒரு நீர்ப்பூச்சி மாதிரி. தொட்டி தொட்டியா பெருக்கிக்கலாம். பாசி கொடுத்தாலும் வளரும், ரொட்டிக்கடை ஈஸ்ட் கொடுத்தாலும் வளரும். குஞ்சு கொஞ்சம் பெருசானதும் ஆர்டீமியா. இது உப்பு ஏரியில வாழற குட்டி இறால் வகை. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில இருந்து அதோட முட்டையைக் காயவெச்சு டப்பாவுல அடைச்சு உலகம் பூரா விக்கிறாங்க. உப்புத் தண்ணியில கொட்டி காத்தடிச்சா ஒரே நாள்ல பொரிஞ்சு துள்ளும். 1930-கள்ல இதை மீன் குஞ்சுக்குக் கொடுக்கலாம்னு கண்டுபிடிச்சப்புறம்தான் கடல்மீன் ஹேச்சரிங்கிறதே தொழிலா உருப்பட வழி பிறந்தது. இந்த ரெண்டும் இல்லாட்டி எங்களுக்குப் பொழப்பே இல்லை.

எங்ககூட ஒரு அண்ணன் வேலை பார்த்தார். பேர் வேண்டாம். அம்பது வயசு இருக்கும். ஹேச்சரிக்கு வர்றதுக்கு முன்னாடி முகத்துவாரத்துல கொசுவலைத் துணி வெச்சுக் கொடுவா குஞ்சு பிடிச்சு வித்தவர். குஞ்சு எப்போ கரை ஒதுங்கும், எந்தப் புல்லடியில நிக்கும்னு எல்லாம் அத்துப்படி. படிப்பு அஞ்சாவதோ என்னவோ. நான் மீன்வளம் படிச்சுட்டு வந்தவன். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்ததுன்னு இப்போ ஒத்துக்கறேன்.

பின்பக்கம் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி கிடந்தது. அண்ணன் அதுல கழித் தண்ணியைத் துணியில வடிச்சு ரொப்பி வெச்சிருந்தார். ஒரு வாரத்துல பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. "ஏண்ணே இந்தக் கருமத்தை வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா, "கெடக்கட்டும் தம்பி, பச்சைத் தண்ணி நல்லது" அவ்வளவுதான் பதில்.

என் தொட்டிங்க அப்படி இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல காயவெச்சு, கடல் தண்ணியை மணல் வடிகட்டியில விட்டு, அதுக்கும் குளோரின் போட்டு, குளோரின் போற வரைக்கும் காத்தடிச்சு... ஆபரேஷன் தியேட்டர் கெட்டுது போங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில போட்ட பத்து பைசா தெரியும். விசிட்டர் வந்தா நேரா அங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

அந்த வருஷம் ஒரு தடவை 2 லட்சம் குஞ்சு வந்தது. பொரிச்சு ஒரு நாள் ஆன குஞ்சு. நாலு தொட்டியில பிரிச்சு விட்டோம். மூணாம் நாள்ல இருந்து ரோட்டிஃபர். ஒரு மில்லி தண்ணிக்கு 10, 15-ன்னு எண்ணி எண்ணிப் போட்டேன். குஞ்சுங்க நல்லா சாப்பிட்டுச்சு. தினமும் காலையில அடித் தண்ணியை டியூப் வெச்சு உறிஞ்சி எடுப்போம். செத்தது, கழிவு, அதோட தப்பித்தவறி உயிரோட கொஞ்சம் குஞ்சும் வந்துடும். அதை வாய்க்கால்ல கொட்டச் சொல்லியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில தொட்டி ஓரமா வெள்ளையா நுரை மாதிரி ஒதுங்கியிருந்தது. நுரை இல்லை, குஞ்சு. ஓடிப்போய் நாலைஞ்சு எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சேன். ஏதோ தீனி பத்தலைன்னு இருந்தா புரிஞ்சிருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் குடல் நிறைய ரோட்டிஃபர், மூட்டை கட்டின மாதிரி. செரிக்காம முழுசு முழுசா அப்படியே கிடந்தது. வயிறு நிறைய சாப்பிட்டுட்டு செத்திருக்கு.

உயிரோட இருந்ததை வலைத்துணியில அள்ளி வேற தொட்டிக்கு மாத்தலாம்னு பார்த்தேன். அள்ளினதும் விறைச்சு, வாயைத் திறந்துக்கிட்டு மல்லாந்துடுச்சு. மயக்கம் போட்ட மாதிரி. சிலது எழுந்துச்சு, நிறையது எழுந்துக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மூணு தொட்டி காலி. நாலாவதுல சில ஆயிரம்.

தண்ணியையும் குஞ்சையும் வெளி லேபுக்கு அனுப்பினோம். தட்டு பூரா பச்சைப் புள்ளி. விப்ரியோ. காலரா கிருமியோட சொந்தக்காரக் கூட்டம். ஹேச்சரிக்காரங்களுக்கு அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும்.

முதலாளி கேட்டார், "எங்கேருந்துய்யா வந்துச்சு?"

ரெண்டு நாள் முன்னாடி அண்ணன் கையில மக்கோட என் தொட்டிக்கும் பின்பக்கத் தொட்டிக்கும் நடுவுல நடந்ததைப் பார்த்திருந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "அந்தப் பச்சைத் தொட்டித் தண்ணிதான் சார். அண்ணன் அதே மக்கை இங்கயும் விடறார்"னு சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. போறப்போ அவர் என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. "தம்பி, உங்க தொட்டியில நான் எதையும் ஊத்தலை. அங்கேருந்து எடுத்துட்டுத்தான் போனேன்."

எனக்கு அப்போ அது புரியலை. புரிஞ்சுக்க விருப்பமும் இல்லை.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு அந்தப் பின்பக்கத் தொட்டியை இறைச்சுக் கழுவச் சொன்னார் முதலாளி. தண்ணி முழங்காலுக்கு இறங்கினதும் உள்ள ஏதோ மின்னிச்சு. கொடுவா குஞ்சு. சில நூறு இருக்கும். விரல் நகம் அளவுல இருந்து விரல் அளவு வரைக்கும். பெருசு சின்னதைத் தின்னு தீர்த்தது போக மிச்சம் (கொடுவா அப்படித்தான், கூடப்பிறந்ததுன்னு எல்லாம் பார்க்காது). தினமும் காலையில வாய்க்கால்ல கொட்டச் சொன்ன கழிவுல இருந்து உயிரோட இருந்த குஞ்சை அண்ணன் மக்குல எடுத்து அங்க விட்டிருக்கார். வலையில அள்ளினோம், ஒண்ணுகூட மயங்கலை.

முதலாளி "லக்குய்யா"ன்னார். நான் வாயே திறக்கலை.



அந்த வேலையை விட்டு வேற எங்கெங்கோ போயாச்சு. ஆனா 'சுத்தமான தொட்டியில செத்தது, சாக்கடை மாதிரி தொட்டியில எப்படிப் பொழைச்சது?'ங்கிற கேள்வி மட்டும் போகலை. வருஷக்கணக்கா கிடைச்சதையெல்லாம் படிச்சேன். விடை ரெண்டு பாகமா கிடைச்சது. ஒண்ணு தீனி, இன்னொண்ணு தண்ணி.

முதல்ல தீனி. கடல்ல கொடுவா குஞ்சோ வேற மீன் குஞ்சோ ரோட்டிஃபரை நம்பி இல்லை, ஆர்டீமியாவைக் கண்ணால பார்த்ததே இல்லை. கடல் குஞ்சோட முக்கியமான சாப்பாடு கோபிபாட்னு ஒரு பூச்சி. இறால், நண்டுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். அரிசி மணியைவிடச் சின்னது. அதோட குஞ்சு இன்னும் சின்னது, மீன் குஞ்சு வாய்க்குச் சரியா நுழையும். கடல்ல எங்கே ஒரு வாளி தண்ணி அள்ளினாலும் இது இருக்கும். கழித் தண்ணியிலயும் இருக்கும். துணியில வடிச்சா பெருசு நிக்கும், பொடிசு உள்ள போயிடும்.

கோபிபாட்ல என்ன விசேஷம்னா டிஹெச்ஏன்னு சொல்ற கொழுப்பு. 22 கரி அணு, 6 இரட்டைப் பிணைப்பு உள்ள நீளமான கொழுப்பு அமிலம். மூளையும் கண்ணோட விழித்திரையும் கட்டறதுக்கு அதுதான் செங்கல். மீன் குஞ்சோட உடம்புல பெரும்பாகம் தலையும் கண்ணும்தானே! கடல்மீன் குஞ்சுங்க இதைத் தானா தேவையான அளவு தயாரிச்சுக்க முடியாது, சாப்பாட்டுல வந்தாகணும். தாய் முட்டையில கொஞ்சம் வெச்சு அனுப்பியிருக்கும். மஞ்சள் கரு தீர்ந்ததும் அது முடிஞ்சது.

ஈஸ்ட் கொடுத்து வளர்த்த ரோட்டிஃபர்ல டிஹெச்ஏ கிட்டத்தட்ட கிடையாது. ஜப்பான்காரங்க இதை 1970-கள்லயே அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. பாசிக்கு ஆகற செலவை மிச்சம் பண்ண ஈஸ்ட்டுக்கு மாறினாங்க. ரோட்டிஃபர் கொள்ளை கொள்ளையா பெருகிச்சு, மீன் குஞ்சு கூட்டம் கூட்டமா செத்துச்சு. அதுக்கப்புறம்தான் ரோட்டிஃபருக்கு மீன் எண்ணெய் ஊட்டி, அதைக் குஞ்சுக்கு ஊட்டற முறை வந்தது. ஆர்டீமியா கதை இன்னும் மோசம். உப்பு ஏரி ஜீவன், அது உடம்புல டிஹெச்ஏ இல்லவே இல்லைங்கலாம். எண்ணெய் ஊட்டினாலும் கிடைச்ச டிஹெச்ஏவைக் கொஞ்சம் கொஞ்சமா வேற கொழுப்பா மாத்தி வெச்சுக்கும்! எங்க ஹேச்சரியிலயும் அந்த எண்ணெய்க் கரைசல் டப்பா இருந்தது. விலை ஜாஸ்திங்கிறதால அளந்து அளந்து, ஆர்டீமியாவுக்கு மட்டும். ரோட்டிஃபருக்கு ஈஸ்ட்தான்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. கோபிபாட்ல இருக்கிற டிஹெச்ஏவுல பெரும்பகுதி பாஸ்போலிப்பிட்ங்கிற வடிவத்துல இருக்கு. குஞ்சோட பச்சைக் குடலுக்கு அதுதான் சுலபமா செரிக்கும். எண்ணெய்க் கரைசல்ல வர்றது சாதா எண்ணெய் வடிவம், அதைச் சமாளிக்க அந்தக் குடலுக்கு இன்னும் தெம்பு வந்திருக்காது. இது போக அயோடின், செலினியம், டாரின் எல்லாமே ரோட்டிஃபரைவிடக் கோபிபாட்ல அதிகம். நார்வேயில ஹாலிபட்னு ஒரு தட்டை மீன் வளர்க்கறாங்க, நம்ம நாக்குமீன் மாதிரி. அது வளரும்போது ஒரு கண்ணு அடுத்த பக்கத்துக்கு நகரணும், மேல்பக்கம் நிறம் ஏறணும். ஆர்டீமியா தின்னு வளர்ந்த குஞ்சுல நிறைய பாதிக்குக் கண்ணு வழியிலேயே நின்னுபோச்சு, உடம்பு வெளுத்துப்போச்சு. கோபிபாட் தின்னதுங்க பெரும்பாலும் ஒழுங்கா வந்துச்சு.

என் கொடுவா குஞ்சுங்க வலையில அள்ளினதும் மயங்கினது இதனாலதான். இந்த நீளக் கொழுப்பு பத்தாத குஞ்சு, சும்மா நீந்தறப்போ நல்லாத்தான் தெரியும். ஒரு அதிர்ச்சி கொடுத்தா விழுந்துடும். கொடுவாவுலயே இதைச் சோதிச்சுப் பார்த்து, குஞ்சோட தரத்தைக் கண்டுபிடிக்க ஒரு பரீட்சையாவே வெச்சாங்க. நான் அதைப் பரீட்சைன்னு தெரியாமலே நடத்தி ஃபெயிலாகியிருக்கேன்.

அளவைப் பத்தியும் சொல்லணும். என் தொட்டியில ஒரு லிட்டருக்கு 10,000-க்கு மேல ரோட்டிஃபர். கடல்ல ஒரு லிட்டருக்குக் குஞ்சு திங்கற அளவுல இருக்கிற இரை பெரும்பாலும் சில, மிஞ்சினா சில பத்து. கடல் குஞ்சு தேடித் தேடி ஒண்ணொண்ணா பிடிக்கும், பிடிச்சதைச் செரிச்சு முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகும். தொட்டிக் குஞ்சு வாயைத் திறந்தா இரை. அதுக்கு நிறுத்தத் தெரியாது. முன்னால போனது செரிக்கறதுக்குள்ள பின்னால வந்தது தள்ளிவிட்டுடும். முழுசா உள்ள போய் முழுசா வெளியில வரும். நான் மைக்ராஸ்கோப்ல பார்த்த மூட்டை அதுதான். கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கு, உடம்புல ஒட்டறது பட்டினிக்காரன் அளவுதான்.

சரி, தீனி இது. செத்தது பூராவும் தீனியாலன்னா அந்தப் பச்சைப் புள்ளி எங்கேருந்து வந்தது?

இப்போ தண்ணி. பொரிச்ச குஞ்சோட குடல்ல பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை. ஆனா கடல்மீன் குஞ்சு தீனி எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்க ஆரம்பிச்சுடும். உப்புத் தண்ணியில உடம்பு வத்திப்போகாம இருக்கணும்ல. ஒரு மில்லி கடல் தண்ணியில சுமார் 10 லட்சம் பாக்டீரியா. முதல் மடக்கோடயே குடல்ல குடியேத்தம் ஆரம்பம். குஞ்சுக்கு அப்போ இரைப்பையே கிடையாது, கொடுவாவுக்கு அது உருவாகவே ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். நமக்கு உள்ள போற கிருமியை வயித்து அமிலம் பாதி வழியில பொசுக்கிடும். குஞ்சுக்கு அந்த வாட்ச்மேன் இல்லை. எதிர்ப்புச் சக்தியும் முழுசா வர வாரக்கணக்காகும். அதாவது, பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் உள்ள.

பாக்டீரியாவுல ரெண்டு குணம் உண்டு. ஒண்ணு நிதானம். கொஞ்சூண்டு சாப்பாட்டுல, கூட்டத்துக்கு நடுவுல, மெதுவா காலம் தள்ளும். கடல் தண்ணியில பெரும்பான்மை இதுதான். இன்னொண்ணு அவசரக்குடுக்கை. சாப்பாடு நிறைய கிடைச்சு, போட்டி இல்லாம இருந்தா குபுகுபுன்னு பெருகும். விப்ரியோல பலதும் இந்த ரகம். நல்ல கடல் தண்ணியிலயும் விப்ரியோ இருக்கும், ஆனா மூலையில கொஞ்சமா உக்காந்திருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெட்டிக்கற ஒரே ஒரு கிருமி, தடை எதுவும் இல்லாட்டி 10 மணி நேரத்துல 10 லட்சத்தைத் தாண்டிடும். கணக்குப் போட்டுப் பாருங்க.

இப்போ என் தொட்டியை யோசிங்க. குளோரின் போட்டு எல்லாரையும் காலி பண்ணிட்டேன். நிதானக்காரங்க, அவசரக்காரங்க எல்லாரும் அவுட். செத்த கிருமியோட உடம்பு, குளோரின்ல உடைஞ்ச கசடு, அது மேல நான் கொட்டின ரோட்டிஃபர், அதோட ஈஸ்ட், குஞ்சோட கழிவு. சாப்பாடு மலையா கிடக்கு, திங்க ஆள் இல்லை. டவுன் பஸ்ல எல்லா சீட்லயும் ஆள் இருந்தா ரவுடி ஏறினாலும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் வரணும். நான் பஸ்ஸைக் காலி பண்ணிக் கழுவித் துடைச்சு, கதவைத் திறந்து வெச்சுட்டேன். முதல்ல ஓடி ஏறினது யாரு? கண்ணாடி மாதிரி தண்ணின்னு நான் பெருமைப்பட்டது எல்லாம் காலி பஸ்.

விப்ரியோ வர்றதுக்கு அண்ணனோட மக்கு தேவையே இல்லை. என் ரோட்டிஃபர் தொட்டி ஒண்ணே போதும். காத்துல தெறிக்கிற ஒரு சொட்டுக் கடல் தண்ணி போதும்.

இதை நான் கண்டுபிடிக்கலை. நார்வேயில டிரான்ட்ஹைம் ஊர் ஆராய்ச்சிக்காரங்க 1990-கள்லயே சொல்லிட்டாங்க. வடிகட்டின கடல் தண்ணியை உடனே குஞ்சுக்கு விடாம, பாக்டீரியா ஒட்டி வளர்ற வடிகட்டி வழியா விட்டு, நிதானக்காரங்க குடியேறி மிச்ச சாப்பாட்டைத் தின்னு தீர்க்கற வரைக்கும் 'முதிர' விட்டாங்க. அப்படி முதிர்ந்த தண்ணியில டர்பாட், ஹாலிபட் குஞ்சுங்க நல்லா வந்துச்சு. அந்தக் கட்டுரை 1997-ல வெளியாச்சு. கவனிச்சீங்களா? இங்க கொடுவா முட்டை போட்ட அதே வருஷம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி! அதுக்கப்புறம் காட் மீன்லயும் பார்த்தாங்க. தினமும் புதுத் தண்ணி விடற தொட்டியைவிட, பழைய தண்ணியையே சுத்திச் சுத்தி விடற தொட்டியில குஞ்சு நல்லா இருந்துச்சு. நம்ம அறிவுக்கு நேர் எதிர்.

இதுல நான் தப்பா நினைச்ச ஒரு விஷயமும் உண்டு. கோபிபாட் தின்னா கோபிபாட் பாக்டீரியா, ரோட்டிஃபர் தின்னா ரோட்டிஃபர் பாக்டீரியா, தீனி வழியாத்தான் குடல் பாக்டீரியா அமையும்னு நம்பியிருந்தேன். அதே டிரான்ட்ஹைம்காரங்க 2013-ல காட் குஞ்சுக்கு வேற வேற உயிர்த்தீனி கொடுத்துப் பார்த்தப்போ அப்படி வரலை. தீனியை மாத்தினதால குடல் பாக்டீரியா பெருசா மாறலை. குஞ்சுகிட்ட இருந்தது, தீனியில இருந்ததைவிடத் தண்ணியில இருந்ததோடதான் அதிகம் ஒத்துப்போச்சு. அப்போ ஊட்டம் வர்ற வாசல் வேற, பாக்டீரியா வர்ற வாசல் வேற. நான் ரெண்டு வாசல்லயும் தப்புப் பண்ணியிருந்தேன்.

ஆனா உள்ள போனப்புறம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். 2012-ல அமெரிக்காவுல வரிக்குதிரை மீன் குஞ்சுங்களைப் பாக்டீரியாவே இல்லாம வளர்த்து, இருக்கிற குஞ்சுங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பாக்டீரியா இருக்கிற குடல்தான் கொழுப்பை நல்லா உறிஞ்சுச்சு. அதாவது, டிஹெச்ஏவை அள்ளி அள்ளிப் போட்டாலும், உள்ள வாங்கி வைக்கறதுக்குக் குடல்ல சரியான ஆளுங்க இருக்கணும்.

'அப்போ இயற்கைதான் பெஸ்ட், கடல்ல விட்டா எல்லாம் பொழைக்கும்'னு யாரும் முடிவுக்கு வந்துடாதீங்க. கடல்ல 100 குஞ்சுக்கு ஒண்ணு பெரிசாகறதே அபூர்வம். நல்ல ஹேச்சரியில அதைவிடப் பல மடங்கு பிழைக்கும். யோஹான் யோர்ட்ங்கிற நார்வே விஞ்ஞானி 1914-லயே எழுதினார், மஞ்சள் கரு தீர்ந்து முதல் இரை தேடற அந்தச் சில நாள்லதான் ஒரு வருஷத்து மீன்வளமே தீர்மானமாகுதுன்னு. அந்த நாள்ல இரை கிடைக்காட்டி பட்டினிச் சாவு. கிடைச்சாலும், அசந்தா ஜெல்லிமீன் வாய்க்குள்ள. கடல்ல நோயாளிக் குஞ்சை நம்மால பிடிக்கவே முடியாது, நமக்கு முன்னாடி வேற ஒருத்தன் பிடிச்சிருப்பான். முகத்துவாரத்துல அண்ணன் துணியில மாட்டின குஞ்சு எல்லாம் பரீட்சை எழுதி பாஸான குஞ்சு. அதை என் தொட்டிக் குஞ்சோட நேரா ஒப்பிடறதே முழு நியாயம் இல்லை.

பின்பக்கத் தொட்டிக்கும் அதே கதைதான். அண்ணன் எத்தனை குஞ்சு விட்டார், எத்தனை செத்தது, யார் எண்ணினா? நான் அன்னைக்கு அந்தத் தண்ணியை மைக்ராஸ்கோப்ல வெச்சுக்கூடப் பார்க்கலை. பார்த்திருந்தா கோபிபாட் நீந்தியிருக்கும்னு பந்தயம் கட்டுவேன், ஆனா நிரூபிக்க முடியாது. ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லுவேன். அந்தத் தொட்டி என் தொட்டியைக் கெடுக்கலை.



2019-ல ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன். விசாரிச்சுக்கிட்டு அண்ணன் ஊருக்குப் போயிட்டேன். வீட்டு வாசல்ல வலை பிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கண் பார்வை கொஞ்சம் மங்கியிருந்தது. ஹேச்சரின்னு சொன்னதும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க"ன்னு டீ சொல்லி அனுப்பினார்.

எல்லாத்தையும் சொன்னேன். கோபிபாட், கொழுப்பு, காலி பஸ், நார்வே. பொறுமையா கேட்டார். கடைசியில, "பச்சைத் தண்ணியில பொடிப்பூச்சி ஓடும் தம்பி. குஞ்சு அதைத் துரத்தித் துரத்திப் பிடிக்கும். கழியில குனிஞ்சு பார்த்தா தெரியுமே"ன்னார். நான் மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்க்காததை அவர் வெறுங்கண்ணால பார்த்திருக்கார்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சுடுங்க"ன்னேன்.

"அது கெடக்குது தம்பி. அந்தத் தொட்டியில குஞ்சு இருந்துச்சுல்ல? பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேண்ணே."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

சொல்லலைன்னு தலையை ஆட்டினேன். அவர் வேற எதுவும் கேக்கலை. வலையைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார். டீ வந்தது, குடிச்சோம், கிளம்பிட்டேன்.

அந்த ஹேச்சரியை இழுத்து மூடி ரொம்ப வருஷமாச்சு. முதலாளியும் இப்போ இல்லை. சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லலை. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். 2006-ல அந்த நாலு தொட்டிக் குஞ்சு செத்ததுக்கு அந்த அண்ணன் காரணம் இல்லை. நான் போட்ட ஈஸ்ட் ரோட்டிஃபரும், நான் கழுவின தண்ணியும்தான் காரணம்.